அரைஞாணில் ஒரு செப்பு வாஷர்

பேத்திக்கு அரைஞாண் கட்டுகிற அன்று என் மனைவி பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். நடுவில் ஓட்டையுள்ள ஒரு செப்பு வளையம் விழுந்தது. ஒரு பக்கம் வழவழப்பாக, மறுபக்கம் நெருப்புப் பட்டுக் கருத்த தழும்போடு இருந்தது. பக்கத்தில் நின்ற எங்கள் மருமகன் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னங்க மாமா, ஓட்டைக் காலணாவா?" என்று கேட்டார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையனுக்கு ஓட்டைக் காலணா தெரிந்திருந்ததே பெரிய விஷயம். பிள்ளைகளின் அரைஞாணில் அதைக் கோர்த்துக் கட்டுவது எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் வழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "மாப்பிள்ளே, அந்தக் கத்தரிக்கோலை இப்படிக் குடுங்க" என்று அவரிடமே கேட்டுக் கையை நீட்டினாள். அவரும் எடுத்துக் கொடுத்தார். மாமியார் மருமகனுக்கு எதிரே நின்று கத்தரிக்கோல் வாங்குகிறாள். சொல்ல வந்த பதிலை விட்டுவிட்டு நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது காலணா இல்லை. டீசல் இன்ஜினில் எண்ணெயைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் அடியில் உட்காரும் வாஷர். உள்ளே நெருப்பு எரியும்போது அதன் காற்று மேலே கசியாமல் அடைத்துக்கொண்டிருப்பது அதன் வேலை. புதிதாக வாங்கினாலும் ஒரு டீக்காசுதான். என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் கழற்றி எறிந்திருக்கிறேன். சேலத்தில் லாரிப் பட்டறையில் பம்பு மெக்கானிக்காக இருந்தவன் நான். என் கைவிரல் ரேகையில் டீசல் வாசனை இன்னும் போகவில்லை என்று மனைவி இன்றைக்கும் திட்டுகிறாள். அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரே ஒரு பழைய வாஷர் மட்டும் குங்குமச் சிமிழில் இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் என் மாமியார்.

நான் அவரை அத்தை என்றுதான் சொல்வேன். சொல்வேன் என்றால், மற்றவர்களிடம் அவரைப் பற்றிப் பேசும்போது. அவரைக் கூப்பிட்டதில்லை. அவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அவர்கள் குடும்பத்தில் மாமியார் மருமகன் எதிரில் நிற்கமாட்டார், முகத்துக்கு நேராகப் பேசமாட்டார். என்ன சொல்வதாக இருந்தாலும் மகளிடம் சொல்லுவார், மகள் என்னிடம் சொல்லுவாள். நான் அவரிடமிருந்து நாலடி தூரத்தில் உட்கார்ந்திருப்பேன், எல்லாம் காதில் விழும், இருந்தாலும் மனைவி வந்து ஒருதரம் சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டதாகக் கணக்கு. நான் டவுனில் வளர்ந்தவன். முதல் தடவை இதைப் பார்த்தபோது சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மனைவி தொடையில் கிள்ளினாள். ஆனால் அந்தப் பேசாமைக்குள் இருந்த மரியாதையும் பிரியமும் போகப்போகத்தான் எனக்கு விளங்கின. நான் போகிற அன்று கோழி அடித்திருப்பார், குளிக்க வெந்நீர் காய்ந்திருக்கும், தலையணைக்குப் புது உறை போட்டிருக்கும். ஆளை மட்டும் பார்க்க முடியாது. கதவோரத்தில் சேலைத் தலைப்பு ஒன்று அசையும், அவ்வளவுதான்.

அவர்கள் ஊடு ஏற்காட்டு மலையில் நாகலூருக்கு உள்ளே, எஸ்டேட் வேலியை ஒட்டி இருந்தது. மாமனார் ஒரு காப்பி எஸ்டேட்டில் பல்பர் ஓட்டியவர். காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைப் பிரிக்கிற இயந்திரத்துக்குப் பல்பர் என்று பெயர். எஸ்டேட்டில் புதியது வந்தபோது பழைய பல்பரையும் அதை ஓட்டுகிற ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினையும் அவர் எப்படியோ கேட்டு வாங்கி, ஊட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நிறுத்திவிட்டார். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று காப்பி வைத்திருந்த அக்கம்பக்கத்துச் சனங்களுக்கு அது வரப்பிரசாதம். பறித்த பழத்தைச் சாக்கில் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். மாமனார் போன பிறகு அத்தையே அதை ஓட்டினார். கனமான கைப்பிடியைச் சுற்றி அந்த இன்ஜினைக் கிளப்ப எனக்கே மூச்சு வாங்கும். அத்தை தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நாலு சுற்றில் கிளப்பிவிடுவார் என்று மனைவி பெருமையாகச் சொல்லுவாள். அந்த ஊட்டின் சோறு அந்த இன்ஜினில்தான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி. மனைவி முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். நான் லீவு போட்டுப் பார்க்கப் போனேன். போன அன்று இரவே அவள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அன்று பழம் அரைத்துக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டு, இழுக்க மாட்டாமல் நின்றுவிட்டதாம். பாதிச் சாக்குகள் அரைபடாமல் கொட்டகையில் கிடந்தன. காப்பிப் பழம் பறித்த அன்றே அரைபட வேண்டும். மிஞ்சிப் போனால் தண்ணீரில் போட்டு மறுநாள் வரை தாக்காட்டலாம். அதற்கு மேல் குவியல் சூடேறிப் புளித்துவிடும், கொட்டை கறுத்துவிடும், வியாபாரி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவான். அத்தை சனங்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். "எங்க மாப்பிள்ளை வந்திருக்காங்க. சேலத்துல பம்பு மெக்கானிக்கு. நாளைக்கு வெளிச்சம் இருக்கவே அரைச்சுக் குடுத்தர்றேன், கொண்டுட்டுப் போயிராதீங்க" என்று சொல்லியிருந்தாராம். அந்தப் பழம் கெட்டால் அந்த வருஷத்துக்கு அவர்கள் பிழைப்புக் கெட்டது. அடுத்த வருஷம் அந்தக் கொட்டகைக்கு யாரும் சாக்கைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் காட்டிவர மனைவியை அவள் தம்பி ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் கூட்டிப் போய்விட்டான். மத்தியானத்துக்கு மேல்தான் திரும்ப பஸ். ஊட்டில் நானும் அத்தையும் மட்டும். நடுவில் பேச ஆளில்லை. நான் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், பனிமூட்டத்தில் நனைந்து கிடந்த இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எதை எப்போது கழற்றினார்கள் என்று யாரிடம் கேட்பது? அப்போது இன்ஜினுக்கு அந்தப் பக்கமிருந்து, பெரிய சக்கரத்தின் மறைவிலிருந்து, குரல் வந்தது. "டேய் மணி, நாசிலு பக்கந்தான் புஸ்ஸுங்குதுன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லு."

மணி என்பது நாய். செம்பட்டை நிறத்தில் ஒரு காது மடங்கிய நாய். அது என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. நானும் ஒரு கணம் திகைத்துவிட்டு, "மணி, பாத்துட்டேன். சீல் போயிருச்சு. கழட்டித்தான் மாத்தோணும்னு சொல்லு" என்றேன். சக்கரத்துக்குப் பின்னால் அத்தை நகர்வது கேட்டது. பிறகு, "மாத்தற சாமான் இருக்குதான்னு கேளு மணி" என்றார். இருந்தது. நான் எங்கே போனாலும் பையில் நாலு வாஷரும் ரப்பர் வளையமும் கிடக்கும். அப்படித் தொடங்கியது எங்கள் வேலை. எத்தனையோ பேரோடு வேலை செய்திருக்கிறேன், நாயை நடுவில் வைத்துக்கொண்டு செய்த வேலை அது ஒன்றுதான்.

அத்தை நாசிலு என்று சொன்ன இன்ஜெக்டரைக் கழற்றி எடுத்தேன். அடியெல்லாம் ஈரக்கரி. மேல்பக்கத்து ரப்பர் வளையம் காய்ந்து கருகி, தொட்டதும் மூன்று துண்டாக உடைந்தது. அடியில் இருக்க வேண்டிய செப்பு வாஷரைக் காணோம். குழிக்குள் எட்டிப் பார்த்தேன். என் தலை நிழலும் விழுந்து உள்ளே ஒரே இருட்டு. கடைசியாக மாட்டினவர்கள் வாஷர் போடவே இல்லை போலிருக்கிறது, அதுதான் காற்று கசிந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். பட்டறையில் என்றால் டார்ச் அடித்துப் பார்த்திருப்பேன். இங்கே வெளியே சாக்குக்காரச் சனங்கள் ஒவ்வொருவராக வந்து களத்தோரத்தில் குத்தவைத்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளை மெக்கானிக்கு என்ன செய்கிறார் பார்ப்போம் என்று அத்தனை கண்ணும் என் முதுகில்.

இனி புது ரப்பர் வளையத்தைப் போட வேண்டும். அதை உலர்ந்தபடி போட்டால் குழிக்குள் இறங்கும்போது முறுக்கிக்கொள்ளும், வெட்டுப்படும். சுத்தமான எண்ணெய் கொஞ்சம் தடவித்தான் இறக்க வேண்டும். கொட்டகையிலிருந்த இன்ஜின் ஆயில் டப்பாவைத் திறந்தால் மண்ணும் காப்பித் தூசியும் மிதந்தன. "மணி, நல்ல சுத்தமான எண்ணெய் ஒரு சொட்டு வேணும்" என்றேன். அத்தை ஊட்டுக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. அப்புறம் சக்கரத்தின் அருகில் ஒரு பித்தளைத் தட்டு வந்து உட்கார்ந்தது. அதில் மூன்று கிண்ணங்கள். ஒன்றில் நல்லெண்ணெய். ஒன்றில் தேங்காயெண்ணெய், மார்கழிக் குளிரில் உறைந்ததை அடுப்பில் காட்டி உருக்கி, இன்னும் ஆவி பறந்தது. ஒன்றில் சாமி விளக்குக்கு வைத்திருந்த விளக்கெண்ணெய். மாப்பிள்ளை எண்ணெய் கேட்டால் ஒரே எண்ணெயையா கொடுப்பது? விருந்துக்கு வைப்பதுபோல் மூன்றையும் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், என்னவோ செய்தது ஒருபக்கம். ரப்பரைக் கெடுக்காத விளக்கெண்ணெயை விரல் நுனியில் தொட்டு வளையத்தைச் சுற்றித் தடவினேன். களத்தோரத்திலிருந்து ஒரு கிழவர், "விளக்கெண்ணெய்தான் எடுத்தாங்க" என்று பக்கத்தில் இருந்தவருக்கு அறிவித்தார்.

புது வாஷரைப் போட்டு, இன்ஜெக்டரை இறக்கி, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி இறுக்கினேன். குழாயில் நின்ற காற்றை எடுக்க ஒருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், ஒருவர் குழாய் முனையைத் தளர்த்திப் பிடித்துக் குமிழி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு, "மணி, சுத்தச் சொல்லு" என்பேன். கைப்பிடி சுற்றும். "மணி, போதுமான்னு கேளு" என்று அந்தப் பக்கத்திலிருந்து வரும். "இன்னும் கொஞ்சம், மணி." நாய்க்குத் தன் பேர் அத்தனை தரம் அடிபட்டதில் ஒரே குஷி. இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடி வாலை ஆட்டியது. குமிழி நின்றதும் முனையை இறுக்கிவிட்டு, "கெளப்பச் சொல்லு" என்றேன்.

இன்ஜின் கிளம்பியது. கிளம்பிய மறுகணம் இன்ஜெக்டரின் காலடியிலிருந்து பழையபடி புஸ் புஸ்ஸென்று, முன்னைவிடப் பெரிதாக, கரியும் புகையுமாக அடித்தது. மணி அப்படியொரு ஊளையிட்டு, வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் ஓடிப்போய்விட்டது. நான் இன்ஜினை நிறுத்தினேன். யாரோ ஒரு பெண் சாக்குக்குள் கையை விட்டுப் பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கசிகிறது என்றால் இறுக்கம் போதவில்லை என்று அர்த்தம், இறுக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். ஸ்பானரின் வாலில் ஓர் இரும்புக் குழாயை மாட்டி, காலை உதைத்து நின்று, நட்டை இழுக்கத் தொடங்கினேன். அது கிரீச்சென்றது. இன்னும் ஒரு இழுப்பு.

"வேண்டாமுங்க மாப்பிள்ளே."

நான் நிமிர்ந்தேன். அத்தை சக்கரத்தின் மறைவிலிருந்து வெளியே வந்து நின்றார். தலைப்பு தோளில் சரிந்து கிடந்தது, அதைச் சரிசெய்யக்கூட மறந்திருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவர் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அப்போதுதான். என் மனைவியின் கண்கள் அப்படியே அவரிடம் இருந்தன. "நிறுத்துங்க. பழைய வாசரு உள்ளெயே கெடக்குதுங்க" என்றார். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் குழாயைக் கீழே வைத்தேன். திரும்பக் கழற்றினேன். அவர் ஒளிந்து நின்ற பக்கத்துக்குப் போய், அவர் குனிந்திருந்த உயரத்துக்குக் குனிந்து, குழியைப் பார்த்தேன். இன்ஜெக்டர் குழி அந்த இன்ஜினில் சாய்ந்திருக்கும். நான் நின்ற பக்கத்திலிருந்து இருட்டாகத் தெரிந்தது, இந்தப் பக்கத்திலிருந்து தகரத்தின் சந்து வழியாக வந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. அடியில் கரி மூடி, குழியோடு குழியாக ஒட்டிக்கொண்டு பழைய வாஷர் கிடந்தது. ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் கரி உதிர்ந்து செம்பு மினுங்கியது. அதன் தலைமேல் புதியதை வைத்து நான் இறுக்கியிருக்கிறேன். ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்தால் எத்தனை இறுக்கினாலும் அடைக்காது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் நட்டு மாட்டியிருந்த கம்பி முறிந்திருக்கும். முறிந்தால் மேல்பாகத்தையே கழற்றி மலையிறக்கிச் சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். மாமனார் இருக்கும்போது ஒரு வருஷம் அப்படித்தான் குழாய் மாட்டி இறுக்கி முறித்திருக்கிறார். அந்த இரும்பைச் சாக்கில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியது அத்தைதான். திரும்பி வருவதற்குள் கொட்டகை முழுக்கப் பழம் புளித்துக் கிடந்ததாம். இதெல்லாம் சாயங்காலம் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அத்தைக்கு வாஷர் முதலிலேயே கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் பட்டறைக்கார மாப்பிள்ளைக்குத் தெரியாததா, அது அங்கேயே இருக்க வேண்டிய சாமான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டார். கசிந்து புகை அடித்ததும்தான் புரிந்திருக்கிறது. புரிந்ததும் சொல்ல மணியைத் தேடியிருக்கிறார். மணி ஓடிவிட்டது. மகள் பஸ்ஸில். கொட்டகைத் தூணைப் பார்த்து மெதுவாக ஒருதரம் சொல்லிப் பார்த்தாராம், ஸ்பானர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அதற்கு மேல் என்ன செய்வது? பேசிவிட்டார்.

கம்பியை வளைத்துக் கொக்கி செய்து பழைய வாஷரைப் பெயர்த்து எடுத்தேன். அந்த நேரம் முழுக்க அத்தை இந்தப் பக்கமே நின்று, நான் கேட்கும் முன்பே ஒவ்வொன்றையும் கையில் கொடுத்தார். நானும் வாங்கினேன். குழியை வழித்துத் துடைத்தோம். இன்னொரு புது வாஷர், இன்னொரு தரம் விளக்கெண்ணெய். அவர் கைப்பிடியைச் சுற்றினார், நான் குமிழியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். இன்ஜின் கிளம்பித் தடதடவென்று ஒரே சீராக ஓடியது. புஸ்ஸும் இல்லை, புகையும் இல்லை. பல்பரின் வாயில் முதல் சாக்கைக் கவிழ்த்தபோது அத்தையின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அப்படி ஒன்றை நான் செய்த வேறு எந்த வேலையும் அதற்கு முன்பும் பின்பும் யார் முகத்திலும் கொண்டுவந்ததில்லை. வெளிச்சம் இருக்கவே எல்லாச் சாக்கும் அரைபட்டது.

சாக்கை உதறிக்கொண்டிருந்த ஒரு பெண் அத்தையைச் சீண்டினாள். "என்னக்கா, மாப்பிள்ளைகிட்டப் பேசிட்டீங்களாட்ட இருக்குது?" அத்தை அதற்குள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். "நான் எங்க பேசினேன்? இன்ஜினுகிட்டல்ல சொன்னேன்" என்றார். களமே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் மனைவி பஸ் இறங்கி வந்ததும் கதவோரத்தில் பழையபடி தலைப்பு அசைந்தது. "மாப்பிள்ளைக்குக் குளிக்கத் தண்ணி காஞ்சிருக்குதுன்னு சொல்லு கண்ணு" என்று குரல் வந்தது. அதற்குப் பிறகு அத்தை இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

மகள் பிறந்த பிறகு மணிக்கு அந்த வேலை போய்விட்டது. பேச்சு தொடங்கியதிலிருந்து குழந்தைதான் எங்கள் நடுவில் நின்றாள். ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் நான் மலையேறிப் போய் இன்ஜினைக் கழற்றி மாட்டித் தருவேன். ஒவ்வொரு தடவையும் சக்கரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, "பழசை எடுத்துட்டாங்களான்னு உங்கப்பங்கிட்டக் கேளு சாமி" என்று வரும். அவள் மழலையில் கேட்பாள். "எடுத்தாச்சுன்னு சொல்லு" என்பேன் நான். சக்கரத்தின் மறைவில் அத்தை சிரிப்பது கேட்கும். கடைசியாகப் படுக்கையில் இருந்தபோதும் என் மகளைக் கூப்பிட்டு, "உங்கப்பன் சாப்பிட்டாங்களான்னு கேளு" என்றார். நான் கட்டில் காலருகில்தான் நின்றிருந்தேன். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் பழைய வாஷரை அன்றைக்கே அவர் எடுத்து வைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது. பிள்ளை பிறந்து அரைஞாண் கட்டும்போது மனைவிதான் காட்டினாள். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, ஒரு பக்கத்துத் தழும்பு தவிரக் கரியெல்லாம் போய்ச் செம்பு பளபளத்தது. காலணாவுக்குப் பதிலாக அதைத்தான் கோர்த்திருந்தார். ஏன் என்று மனைவி கேட்டதற்கு, "இருக்கட்டும் கண்ணு, அவங்கப்பன் கையால எடுத்த சாமான்தானே" என்று மட்டும் சொன்னாராம்.

இப்போது அதே வளையம் எங்கள் பேத்தியின் கறுப்புக் கயிற்றில் ஏறியது. என் மனைவி முடிச்சை இழுத்தாள். "போதும், நொம்ப இறுக்காதே" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அத்தையின் கண்கள் அப்படியே அவளிடம் இருக்கின்றன. மருமகன், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலணா இல்லீங்க மாப்பிள்ளே. எங்க அத்தை எங்கிட்டப் பேசின பேச்சுங்க அது" என்றேன்.